காலியான துப்பாக்கி

"டீச்சர், இது தானா வெடிக்குமா?"

கேட்டவள் சௌந்தரம். மலை மேலே காப்பித் தோட்டத்துக்காரி. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவளுக்கு முன்னால் மேசை மேல் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது.

"தானா வெடிக்காதும்மா."

"அப்ப யாராச்சும் அழுத்தணும்."

"அழுத்தணும்."

சௌந்தரம் தலையை ஆட்டினாள். இந்தப் பதிலை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ஆனாலும் முகம் கறுத்துவிட்டது.

அவள் டீச்சர் என்று அழைத்தது அமலோற்பவத்தை. வயதில் சௌந்தரத்துக்கு மகளாக இருக்கலாம். ஆயுதப்படைக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்த்தவள். காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, மலையடிவாரத்து ஊரில் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் துப்பாக்கிக்குச் சொந்தக்காரராகிறவர் யாராயிருந்தாலும், அதைத் தன் கையால் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி அமலோற்பவத்திடம் காட்ட வேண்டும். அவள் சரி என்று சொல்லும்வரை துப்பாக்கி கடையை விட்டு நகராது. பெரிய மனிதர்களெல்லாம் முணுமுணுத்துப் பார்த்தார்கள். பெரிய இடத்துச் சிபாரிசோடும் வந்து பார்த்தார்கள். அவள் மசியவில்லை.

சௌந்தரத்துக்கு முன்னால் கிடந்தது புதுத் துப்பாக்கி அல்ல. அவள் கணவர் வீரபத்திரனுடையது. போன வருஷம் தன் அறையில் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது வெடித்து, அவர் அங்கேயே இறந்துபோனார். விபத்து என்று சொல்லிக் கோர்ட்டிலும் முடித்துவிட்டார்கள். லைசென்ஸ் மாறும்வரை பத்திரமாக இருக்கட்டுமென்று துப்பாக்கி இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தது. லைசென்ஸ் இப்போது சௌந்தரத்தின் பேருக்கு மாறியிருந்தது.

"வித்துடலாமேம்மா" என்றாள் அமலோற்பவம்.

"மகனும் அதைத்தான் சொல்றான்."

"அப்புறம் என்ன?"

"இதப் பிரிக்கக் கத்துக்கணும்."

"எதுக்கு?"

சௌந்தரம் சுற்றி வளைக்கவில்லை.

"அவுக கை தவறிப் போனாகளா, வேணும்னு போனாகளான்னு எனக்குத் தெரியணும்."

அமலோற்பவம் துப்பாக்கியைப் பார்த்தாள்.

"போலீஸ்ல விபத்துன்னுதானே சொன்னாங்க?"

"போலீசும் சொன்னாக. டாக்டரும் சொன்னாரு. சாவுக்கு வந்த சனமெல்லாம் சொல்லுச்சு. தாலி அறுத்தவகிட்ட வேற என்னத்தச் சொல்லுவாக? ஆறுதலுக்குச் சொல்றதுதானே."

"நானும் விபத்துன்னு சொன்னா?"

"நீங்களும் ஆறுதலுக்குச் சொல்றீகன்னு நெனப்பேன்."

"அப்ப நான் சொல்லிப் பிரயோஜனமில்லை" என்றாள் அமலோற்பவம். துப்பாக்கியை அவள் பக்கம் நகர்த்தினாள். "உங்க கையில எடுங்க."

*

சௌந்தரம் எடுத்தாள்.

"இதுல முதல்ல என்ன செய்யணும்?"

"பிரிக்கணும்."

"இல்லம்மா. காலியா இருக்கான்னு பார்க்கணும்."

சொல்லிவிட்டு அமலோற்பவம் செய்து காட்டினாள். கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தகரப் பெட்டி இருக்கிறது. அதற்கு மேகசின் என்று பேர். முதலில் அதைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். அடுத்து, மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். குழலுக்குள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்த தோட்டா இருந்தால் வெளியே விழும். பிறகு குனிந்து, தோட்டா உட்காரும் குழிக்குள் பார்க்க வேண்டும். பார்த்தது போதாது. சுண்டு விரலை விட்டுத் தொட வேண்டும்.

"கண்ணு பார்த்ததுக்கு அப்புறம் விரல் எதுக்கு?"

"கண்ணு அவசரப்படும். விரல் அவசரப்படாது."

அமலோற்பவம் மேகசினில் மருந்தில்லாத பித்தளைத் தோட்டாக்களைப் போட்டுக் கொடுத்தாள். பழகுவதற்கென்றே வைத்திருக்கும் தோட்டாக்கள். அவற்றால் ஒரு கொசுவைக்கூடக் கொல்ல முடியாது.

அன்று முழுக்க சௌந்தரம் அதையே செய்தாள். மேகசின், ஸ்லைடு, கண், விரல்.

"எப்ப பிரிக்கிறது?" என்று கேட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள் அமலோற்பவம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையேதான் செய்யச் சொன்னாள்.

*

ஒரு வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டர் மணிமுத்துவும் வந்திருந்தார். துப்பாக்கி வாங்கியதும் புதுச் சொந்தக்காரர்கள் முதலில் தேடுவது கண்ணாடியைத்தான். மணிமுத்து கடையின் முகப்புக் கண்ணாடியில் தன்னை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"டீச்சர், எனக்கு நிறைய சோலி கெடக்கு. இந்தத் தொடைக்கிற வேலையெல்லாம் நம்ம டிரைவர் பாத்துக்குவான். நீங்க தலைய மட்டும் ஆட்டிருங்க."

"காலியா இருக்கா பாருங்க."

மணிமுத்து மேகசினைக் கழற்றினார். ஸ்லைடை இழுத்து விட்டார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

"காலி."

"நிச்சயமா?"

"அட, காலிங்கிறேன்."

"உங்க போனைக் குடுங்க."

வாங்கி மேசையின் மறுகோடியில் சாய்த்து வைத்தாள். போனின் முகப்பில் அவர் மகளின் படம். பாவாடை சட்டையில், முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்துக்கொண்டிருந்தது குழந்தை.

"அதைக் குறி பார்த்து அழுத்துங்க."

"என்னது?"

"காலிதானே சார்?"

மணிமுத்து கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறக்கினார். மறுபடி ஸ்லைடை இழுத்தார். குனிந்து பார்த்தார். சுண்டு விரலை விட்டுத் துழாவினார். அப்புறமும் அவர் போன் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவில்லை.

"சோலி கெடக்குன்னீங்களே" என்றாள் அமலோற்பவம்.

"இருக்கட்டும் டீச்சர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் மணிமுத்து.

*

மணிமுத்து போன பிறகு சௌந்தரம் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீக?"

"ஆமாம்மா."

"எப்படிப் படிச்சாக?"

அமலோற்பவம் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இந்த மேசையில உக்காந்தவங்கள்ல அவரை மாதிரி ஒருத்தர் கிடையாது. கண்ணைத் துணியால கட்டிக்கிட்டே பிரிச்சுப் பூட்டிக் காட்டுவாரு. நான் கடைக்கு வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டு, பாருங்க, இப்படிப் பழகணும்னு சொல்லுவேன். கை தட்டுவேன்."

"கண்ணக் கட்டிக்கிட்டே."

"ஆமா."

"அப்படிப்பட்ட மனுசனுக்குக் கை தவறுமா?"

அமலோற்பவம் மடித்த துணியை மேசை ஓரத்தில் வைத்தாள்.

"அதுக்கப்புறம் யாருக்காச்சும் கண்ணக் கட்டி விட்டீகளா?"

"போன வருஷத்துல இருந்து இல்லை."

நல்ல மாணவன் என்று ஊருக்கெல்லாம் காட்டிய ஆளின் சாவுச் செய்தி வந்த அன்று, அமலோற்பவம் இந்த அறையைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வீட்டிலேயே கிடந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சௌந்தரத்திடமும் சொல்லவில்லை. வருத்தம் இருவருக்கும் ஒரே ஆளைப் பற்றியதுதான். ஆனாலும் ஒருத்தி வருத்தத்தை இன்னொருத்தி தொடவில்லை.

*

அடுத்த முறை வந்தபோது சௌந்தரம் தானாகவே ஆரம்பித்தாள்.

"அன்னிக்குக் காலையில எங்களுக்குச் சண்டை."

"ம்."

"மகன் வீட்டோட போயிருவோம், இந்தக் குளிர்லயும் அட்டைக்கடியிலயும் கெடந்து சாக வேணாம்னு நான் சொன்னேன். தோட்டத்த விட்டு வரமாட்டேன்னாக. வருசக்கணக்கா இதே பேச்சு. எனக்கு அன்னிக்குப் பொறுக்கல."

கையில் மேகசினைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்."

மேகசினை அப்பால் வைத்தாள். ஸ்லைடை இழுத்தாள்.

"அவுக ஒண்ணும் சொல்லல. ரூமுக்குப் போயித் துப்பாக்கியத் தொடைக்க உக்காந்தாக. மத்தியானம் சத்தம் கேட்டுச்சு."

குனிந்து பார்த்தாள். விரலை விட்டாள்.

"பதில் சொல்லிட்டுப் போயிட்டாகன்னு நான் நெனச்சேன். இன்னும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல டீச்சர். சனமெல்லாம் என்னைக் கல்நெஞ்சுக்காரின்னுச்சு. எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. படத்தைச் சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சிருக்கேன்."

"வருஷத் திதி எப்போம்மா?"

"அடுத்த வாரம். மகன் வர்றான். அந்தப் படத்து முன்னால நான் நிக்கணுமா வேணாமா? அத நீங்க சொல்லுங்க போதும்."

"காலியா இருக்கா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

சௌந்தரம் பெருமூச்சு விட்டாள்.

"காலி."

"அப்ப இன்னிக்குப் பிரிப்போம்."

*

இந்த வகைத் துப்பாக்கியைப் பிரிக்க ஒரு சங்கடம் உண்டு. விசையை ஒரு தடவை அழுத்தினால்தான் ஸ்லைடு கழன்று வரும். காலித் துப்பாக்கி என்றால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

சௌந்தரம் துப்பாக்கியை மணல் நிரப்பிய வாளியை நோக்கித் திருப்பினாள். அழுத்தினாள். டிக்.

அந்தச் சின்னச் சத்தத்துக்கே அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

ஸ்லைடு கழன்றது. அதனுள்ளிருந்து ஸ்பிரிங் வந்தது. குழல் வந்தது. எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டித் துணியின் மேல் வரிசையாக வைத்தார்கள். ஒரு வருஷம் எங்கெங்கோ கிடந்ததில் உள்ளே துருப் பூத்திருந்தது. குழலுக்குள் கறுப்பாக அப்பியிருந்தது.

சௌந்தரம் குழலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?"

"தெரியல."

"அதுல ஒண்ணும் இருக்காதும்மா. புகைதான்."

சௌந்தரம் கம்பியின் நுனியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தாள். கறுப்பாக வந்தது. வேறு துணி. அதுவும் கறுப்பு. வேறு. சாம்பல் நிறம். வேறு. அவள் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். துணி வெள்ளையாக வந்த பிறகும் இழுத்தாள். அமலோற்பவம்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்மா. சுத்தமாயிடுச்சு."

எண்ணெய் போடும்போது அளவு மிஞ்சிவிட்டது. மேசையெல்லாம் வழிந்தது.

"இவ்வளவு வேணாம். இரும்பு ஒண்ணோடொண்ணு உரசுற இடத்துல மட்டும் ஒரு சொட்டு. கூடிப்போனா அழுக்கைப் பிடிச்சு உக்கார வச்சுக்கும்."

"அவுக ரூமுல ஒரே எண்ணெய் வாடையா இருக்கும்" என்றாள் சௌந்தரம். "திட்டுவேன்."

பூட்டி முடித்தபோது ஸ்லைடு வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் தடவையாக அவள் முகத்தில் லேசாக ஒரு திருப்தி தெரிந்தது. கற்றுக்கொண்டவர்களுக்கு வரும் திருப்தி. அந்தத் திருப்தி அமலோற்பவத்துக்குப் புதிதல்ல. வீரபத்திரன் முகத்திலும் இதே இடத்தில் வைத்துத்தான் அவள் அதைப் பார்த்திருந்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

*

இரண்டாம் வாட்டி சௌந்தரத்துக்கு வேகம் வந்துவிட்டது. மூன்றாம் வாட்டி அவள் மேசையைப் பார்க்கவேயில்லை. கை தானாகப் போயிற்று. அதற்கப்புறம் எத்தனை வாட்டி என்று இருவரும் எண்ணவில்லை.

"எனக்கு வந்துருச்சு டீச்சர்."

"வந்துடுச்சு."

"அப்ப சொல்லுங்க. நாலு வெள்ளிக்கிழமை கத்துக்கிட்ட கெழவிக்கே இப்படிக் கையில நிக்குது. அவுகளுக்குத் தவறுமா?"

அமலோற்பவம் மேகசினில் பித்தளைத் தோட்டாக்களை அடுக்கினாள். துப்பாக்கிக்குள் செருகினாள். ஸ்லைடை ஒரு தரம் இழுத்து விட்டாள். ஒரு தோட்டா குழலுக்குள் ஏறியது. வீட்டில் தயாராக வைத்திருக்கிறவர்கள் இப்படித்தான் வைத்திருப்பார்கள்.

"இதைச் சுத்தம் பண்ணணும். ஆரம்பிங்க."

சௌந்தரம் எடுத்தாள். கட்டைவிரல் மேகசினைக் கழற்றும் பொத்தானுக்குப் போயிற்று.

"ஏம்மா, மலைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

சௌந்தரம் நிமிர்ந்தாள்.

"அஞ்சேகாலுக்கு. அத விட்டா பால் ஜீப்புதான். அவன் ஏத்துவானோ மாட்டானோ. ஏன் கேக்குறீக?"

"நேரமாயிடுச்சேன்னு கேட்டேன்."

"இருக்கு, இருக்கு. நேரம் இருக்கு."

சொல்லிக்கொண்டே ஸ்லைடை இழுத்தாள். பளிச்சென்று ஒரு தோட்டா வெளியே குதித்து, மேசையில் உருண்டு, எண்ணெய்க் குப்பியில் மோதி நின்றது. ஸ்லைடு முன்னால் போய் மூடிக்கொண்டது. மேகசினைக் கழற்றினாள். அப்பால் வைத்தாள்.

"காலி" என்றாள்.

"காலியா?"

"அந்தா கெடக்குல்ல தோட்டா. என் கண்ணு முன்னாலதான வந்து விழுந்துச்சு."

"சரி. பிரிங்க."

சௌந்தரம் மணல் வாளியை நோக்கித் திருப்பினாள். விசையை அழுத்தினாள்.

சத்தம் வந்தது. ஆனால் எப்போதும் கேட்கிற சத்தமாக அது இல்லை. உள்ளே எதிலோ போய் இடித்த சத்தம்.

சௌந்தரம் அமலோற்பவத்தைப் பார்த்தாள்.

அமலோற்பவம் துப்பாக்கியை வாங்கி ஸ்லைடை இழுத்தாள். இன்னொரு தோட்டா வெளியே விழுந்தது.

வாசலில் யாரோ கடைக்காரரிடம் காட்டுப்பன்றித் தொல்லையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"மேகசினக் கழட்டினேனே" என்றாள் சௌந்தரம்.

"கழட்டினீங்க."

"ஸ்லைட இழுத்தேனே."

"இழுத்தீங்க."

"தோட்டா வெளியில வந்துச்சே."

"வந்துச்சும்மா. மேகசின் உள்ள இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தீங்க. ஒண்ணு வெளியில போச்சு, அடுத்தது அந்த இடத்துல ஏறி உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் மேகசினைக் கழட்டினீங்க."

"விரல் விட்டுப் பாக்கலயே நான்."

"தோட்டாதான் கண்ணு முன்னால விழுந்துச்சே."

சௌந்தரம் மேசையில் கிடந்த இரண்டு பித்தளைத் தோட்டாக்களையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்படித்தான் நடந்துச்சா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் அங்க இல்லை."

"நீங்க பஸ்ஸக் கேட்டீக. நான் பதில் சொன்னேன்."

"ஆமா."

"பதில் சொல்லிக்கிட்டே..."

அவள் நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது. எதையோ கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்தாள்.

"அன்னிக்கு நான் அடுப்படியில இருந்து கூப்பிட்டேன் டீச்சர்."

அமலோற்பவம் துப்பாக்கியை மேசையில் வைத்தாள்.

"கோவம் ஆறிப்போச்சு எனக்கு. அவுகளுக்குப் புடிச்ச மொச்சைக்கொழம்புதான் வச்சிருந்தேன். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன். சோத்தப் போடு, இந்தா வந்துட்டேன்னாக. நான் தட்டுல போட்டுட்டு நின்னேன். அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு."

உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"வந்துட்டேன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணிட்டியேன்னு ஒரு வருசமாத் திட்டுறேன். பொய் சொல்லி ஏமாத்திட்டுப் போயிட்டாகன்னு. வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கேன்."

அமலோற்பவம் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

சௌந்தரத்தின் முகம் மெல்லக் கோணியது. ஒரு வருஷமாக வராதது அப்போதுதான் வந்தது.

"டீச்சர்" என்றாள். "பசியோடல்லவா போயிருக்காக."